கண்ணாடியும் அணுக்களின் அதிர்வும்

(திண்டிவனத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணத்து உப்பளங்களில் கடல்நீரைப் பாத்தியிலே தேக்கி, கோடை வெயிலில் வற்றவைத்து உப்பு வாருகிறார்கள். தெற்கே விழுப்புரம் போகும் பெருஞ்சாலையை ஒட்டிய முண்டியம்பாக்கத்து ஆலையில் கரும்புச்சாறு காய்ந்து குறுகிச் சர்க்கரையாகிறது. உப்பின் ஒரு மணியையும் சர்க்கரையின் ஒரு மணியையும் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்ப்பவர், தட்டையான முகங்களும் கூரிய விளிம்புகளும் கொண்ட ஸ்படிகங்களையே காண்பார்; ஏனெனில் உப்பில் அணுக்களும் சர்க்கரையில் மூலக்கூறுகளும் வரிசை பிசகாமல், ஒரே முறையில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அதே சர்க்கரையைச் சிறிது நீர் விட்டு அடுப்பிலேற்றி, கம்பிப் பதத்தையும் உருட்டுப் பதத்தையும் தாண்டி, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் இறுகி உடையும் பதம் வரையில் காய்ச்சி, மறுபடி மணிகட்டிவிடாதிருக்க எலுமிச்சஞ்சாறு சிறிது பிழிந்து, எண்ணெய் தடவிய தட்டிலே ஊற்றி ஆறவைக்கும் மிட்டாய்க்காரருக்குக் கிடைப்பது ஸ்படிகம் அன்று. ஒளி ஊடுருவும், தட்டினால் நொறுங்கும், முறிந்த இடம் வழவழவென்று வளைந்து மினுங்கும் அந்தப் பண்டம், விஞ்ஞானத்தின் கணக்கில் முழுமையான ஒரு கண்ணாடி.

மணலையும் சோடாவையும் சுண்ணாம்பையும் உருக்கிச் செய்யும் ஜன்னல் கண்ணாடியை மட்டுமே நாம் அப்பெயரால் அழைத்துப் பழகியிருக்கிறோம். பௌதிக சாஸ்திரமோ, திரவநிலையில் அணுக்களுக்கு இருந்த ஒழுங்கற்ற அமைப்பு மாறாமலே கெட்டிப்பட்டுவிட்ட எந்தப் பொருளையும் கண்ணாடி என்றே கொள்கிறது. கோயிலில் புகையிடும் குங்கிலியம் அப்படிப்பட்டது. குச்சி மிட்டாய் அப்படிப்பட்டது. செம்பையும் ஸிர்கோனியத்தையும் சேர்த்து உருக்கி மிக விரைவாகக் குளிரவைத்தால் உலோகமும் அப்படி ஆகிறது. 1960-ஆம் ஆண்டில் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் போல் டுவேயும் அவருடைய கூட்டாளிகளும் பொன்னும் சிலிக்கனும் கலந்த உருக்கைக் கண்ணிமைக்கும் நேரத்தில் குளிர்வித்து முதன்முதலாக ஓர் உலோகக் கண்ணாடியைச் செய்து காட்டினார்கள். இவ்வாறு திரவமொன்று கண்ணாடியாக மாறும்போது அதன் அணுக்களின் அதிர்வு என்னவாகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள். இது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். திடப்பொருளைப் பற்றிய கொள்கைகளில் இன்னும் தீராதிருக்கும் மிக ஆழமான பிரச்சினை கண்ணாடியின் இயல்பும் கண்ணாடி மாற்றமுமாகவே இருக்கக்கூடும் என்று 1995-ல் எழுதியவர், நோபல் பரிசு பெற்ற ஃபிலிப் ஆண்டர்சன். அதற்குப் பின் முப்பது ஆண்டுகள் ஆகியும் அந்த மதிப்பீட்டை மாற்ற எவருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

அணுக்கள் ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. பொருளின் உஷ்ணம் என்று நாம் உணர்வதே அவற்றின் ஓயாத அசைவுதான். திரவத்திலுள்ள மூலக்கூறுகள் தம் விருப்பம்போல் எங்கும் ஓடித்திரிகின்றன என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். அது பாதி உண்மையே. ரஷ்ய அறிஞர் யாக்கோவ் ஃபிரெங்கல் 1940-களில் வெளியிட்ட தமது நூலில் விளக்கியவாறு, திரவத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் தன்னைச் சூழ்ந்த அண்டை மூலக்கூறுகளால் ஆன ஒரு கூண்டினுள் நின்றுகொண்டு, விநாடிக்கு லட்சம் கோடி முறை என்ற கணக்கில் அதிர்ந்துகொண்டிருக்கிறது. எப்போதாவது கூண்டு சற்று விலகும் தருணத்தில் அது அடுத்த இடத்திற்கு நழுவுகிறது. அங்கே புதிய கூண்டு, மறுபடியும் அதிர்வு. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்குப் போனவர்கள் இதை எளிதில் மனத்தில் வாங்கிக்கொள்வார்கள்: மாலை மங்கும் வேளையில் கூட்டத்தினூடே நடந்து போக முடிகிறது, நள்ளிரவு நெருங்க நெருங்க, கால் பெயர்க்க இடமின்றி, முன்னும் பின்னும் பக்கத்திலும் தோளுரசி அசைவதைத் தவிர வேறொன்றும் இயலாத நெருக்கம் வந்துவிடுகிறது, அப்போதும் ஒருவர்கூட அசையாமல் நிற்பதில்லை.

சாதாரணத் தண்ணீரில் ஒரு மூலக்கூறு சில அதிர்வுகளுக்குள்ளேயே கூண்டைவிட்டு வெளியேறிவிடுகிறது. குளிரக் குளிர அந்தக் காத்திருப்பு நீள்கிறது, திரவமும் கெட்டிப்படுகிறது. இந்த இரண்டையும் இணைக்கும் கணக்கை 1867-லேயே ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் போட்டுக் கொடுத்துவிட்டார்: திரவத்தின் பாகுநிலையை அதன் விறைப்பால் வகுத்தால் அது தன் அமைப்பை மாற்றிக்கொள்ள எடுத்துக்கொள்ளும் காலம் கிடைக்கும். கண்ணாடியாகும் தறுவாயில் பாகுநிலை, தண்ணீரின் பாகுநிலையைப்போல் ஆயிரம் லட்சம் கோடி மடங்கு ஆகிவிடுகிறது. காத்திருப்புக் காலம் ஏறத்தாழ 100 விநாடியை எட்டுகிறது. 100 விநாடி நமக்கு அற்பமான பொழுது. ஆனால் விநாடிக்கு லட்சம் கோடி முறை அதிரும் மூலக்கூற்றுக்கோ, ஒரே ஓர் அடி பெயர்ப்பதற்கு முன் நூறு லட்சம் கோடி முறை நின்ற இடத்திலேயே மோதித் திரும்பவேண்டியிருக்கிறது என்பது பொருள். இதற்கு மேலும் குளிர்வித்தால், நாம் காத்திருந்து காணக்கூடிய கால அளவுக்குள் அது இடம்பெயர்வதே இல்லை. திரவம் கண்ணாடியாகிவிட்டது என்கிறோம்.

இங்கே ஒரு விசேஷத்தைக் கவனிக்கவேண்டும். உப்பு 801 டிகிரி செல்ஷியஸில் உருகுகிறது, அதற்கு ஒரு டிகிரி கீழே ஸ்படிகம், மேலே திரவம், நடுவில் மயக்கமில்லை. கண்ணாடிக்கு அப்படி ஒரு திட்டமான எல்லைக்கோடு கிடையாது. மெதுவாகக் குளிர்வித்தால் சற்றே தாழ்ந்த வெப்பநிலையிலும் விரைவாகக் குளிர்வித்தால் சற்றே உயர்ந்த வெப்பநிலையிலும் மாற்றம் நேர்கிறது. ஜன்னல் கண்ணாடிக்கு அது ஏறத்தாழ 550 டிகிரி. தூய மணற்சத்தாகிய சிலிக்காவுக்கு ஏறத்தாழ 1200 டிகிரி. கிளிசரினுக்குப் பூஜ்யத்துக்கு 83 டிகிரி கீழே. நீர் கலவாத சர்க்கரைக்கு 60-க்கும் 70-க்கும் இடையில். மிட்டாயில் நீர் சேரச் சேர அந்த எல்லை சரசரவென்று இறங்கிவிடுகிறது. நீரின் சிறிய மூலக்கூறுகள் சர்க்கரையின் பெரிய மூலக்கூறுகளுக்கு இடையே புகுந்து கூண்டுகளைத் தளர்த்திவிடுகின்றன. ஐப்பசி மழையில் மூடி சரியில்லாத ஜாடியிலுள்ள மிட்டாய்கள் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும், சிலநாளில் மேலே பூத்து மணிமணியாகிவிடுவதும் இதனால்தான்: கண்ணாடி மீண்டும் திரவமாயிற்று, நடமாட இடம் கிடைத்தவுடனே மூலக்கூறுகள் ஸ்படிக வரிசைக்குத் திரும்பின. மிட்டாய் செய்வோர் பரம்பரையாகக் கைப்பழக்கத்தால் அறிந்து காத்துவரும் இந்த நுட்பத்தை, உணவுத் தொழிலின் ஆராய்ச்சிக்கூடங்கள் வெகுகாலத்திற்குப் பின்பே எண்களாக எழுதிக்கொண்டன என்பதை நான் மரியாதையோடு குறிப்பிட விரும்புகிறேன்.

இனி அதிர்வுக்கு வருவோம். ஸ்படிகத்தில் அணுக்கள் தனித்தனியே அதிர்வதில்லை. வரிசை முழுவதும் ஒன்றுகூடி அலையலையாக அதிர்கிறது. 1912-ல் பீட்டர் டிபை இந்த அலைகளை எண்ணிக் கணக்கிட்டு, மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் ஒரு திடப்பொருள் எவ்வளவு உஷ்ணத்தை ஏற்கும் என்பதற்கு எளிய விதி ஒன்றைக் கண்டார்: வெப்பநிலை பாதியானால் உஷ்ணம் ஏற்கும் திறன் எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஸ்படிகங்கள் இந்த விதிக்கு அழகாகக் கட்டுப்படுகின்றன. நீண்ட அலை தான் கடந்து செல்லும் பொருளின் நுண்ணமைப்பைப் பொருட்படுத்தாது ஆகையால், கண்ணாடியும் இதற்குக் கட்டுப்படவேண்டும் என்றே எல்லாரும் நம்பினார்கள். அது கட்டுப்படவில்லை. 1971-ல் ஸெல்லர், போல் என்ற இருவர் பலவகைக் கண்ணாடிகளை, குளிரின் கடைசி எல்லையாகிய பூரண பூஜ்யத்திலிருந்து ஒரு டிகிரிக்கும் உட்பட்ட குளிரில் அளந்து, அவை ஸ்படிகங்களைவிட மிகுதியான உஷ்ணத்தை ஏற்பதையும், ஏற்கும் திறன் வெப்பநிலைக்கு நேர்விகிதமாகவே குறைவதையும் வெளியிட்டார்கள். மறுவருஷமே ஆண்டர்சனும் ஹால்பெரினும் இந்தியரான சந்திர வர்மாவும் ஒருபுறம், ஃபிலிப்ஸ் மற்றொருபுறம், இதற்கு விளக்கம் தந்தார்கள்: உறைந்துவிட்ட ஒழுங்கின்மையில் சில அணுத்தொகுதிகளுக்கு ஏறக்குறையச் சமமான இரண்டு இருக்கைகள் வாய்த்துவிடுகின்றன; அத்தனை கடுங்குளிரிலும் அவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கின்றன என்பது அவர்கள் கொள்கை.

அந்தக் குளிருக்குச் சற்று மேலே, பூரண பூஜ்யத்திலிருந்து பத்து டிகிரி அளவில், இன்னொரு விந்தை இருக்கிறது. அதன் கதை நம் நாட்டில் தொடங்குகிறது. ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன், 1920-களில் கல்கத்தாவில் திரவங்களினூடே ஒளியைச் செலுத்தி, பக்கவாட்டில் சிதறி வரும் கிரணங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய மாணவர்களுள் வெங்கடேஸ்வரன் என்பவர், நன்கு சுத்திகரிக்கப்பட்ட கிளிசரினில் சூரிய ஒளியைப் பாய்ச்சியபோது, சிதறிய ஒளி வழக்கம்போல் நீலமாக இராமல் பளிச்சென்ற பச்சையாக இருக்கக் கண்டார். ஒளி தன் சக்தியில் ஒரு பங்கை மூலக்கூறுகளின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வருகிறது என்ற பேருண்மை 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் தெளிவாயிற்று. 1930-ல் நோபல் பரிசு வந்தது. இந்த வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் ராமனுக்கு வழிகாட்டிய அந்தக் கிளிசரின்தான் இன்று உலகெங்கும் கண்ணாடி மாற்றத்தை ஆராய்வோர் முதலில் கையிலெடுக்கும் திரவம் என்பதைச் சொல்லுவாரைக் காணோம். எத்தனை குளிர்வித்தாலும் எளிதில் ஸ்படிகமாக மறுத்து, பாகாகி, இறுகி, கண்ணாடியாகும் இயல்புடையது அது. திரவத்தின் சேட்டையும் கண்ணாடியின் சேட்டையும் ஒன்றாய்ச் சந்திக்கும் பொருளொன்றில் ராமன் விளைவின் முதல் தடயம் தென்பட்டது, என் கருத்தில், நினைத்து நினைத்து மகிழத்தக்க செய்தி.

ராமனிடம் பயின்ற ஆர். எஸ். கிருஷ்ணன் என்பவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றினார். ராமனோடு 1928-ல் துணைநின்றவரும், நம் வத்திராயிருப்பில் பிறந்தவருமான கே. எஸ். கிருஷ்ணனோடு இவரைக் குழப்பிக்கொள்ளக்கூடாது, இவர் கேரளத்தவர். பாதரச விளக்கின் புற ஊதாக் கிரணத்தைக் கொண்டு ஆராயும் முறையில் கைதேர்ந்தவராகிய இவர், 1953-ல் உருக்கிய குவார்ட்ஸ், அதாவது சிலிக்காக் கண்ணாடி, சிதறவிட்ட ஒளியை அளந்தார். படிக குவார்ட்ஸில் கூரிய கோடுகளாக வரும் அதிர்வுகள் கண்ணாடியில் அகன்ற பட்டைகளாகப் பரந்திருந்தன, அது எதிர்பார்க்கத்தக்கதே, ஏனெனில் அணுக்களின் சூழ்நிலை இடத்திற்கு இடம் வேறுபடும்போது அதிர்வெண்ணும் வேறுபடும். எதிர்பாராதது வேறொன்று. மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில், விநாடிக்குச் சுமார் ஒன்றரை லட்சம் கோடி என்ற அளவுக்கு அருகே, படிகத்தில் அடியோடு இல்லாத ஓர் அகன்ற மேடு எழுந்து நின்றது. சிலிக்கனும் ஆக்ஸிஜனும் தம் பிணைப்பை இழுத்துச் சுருக்கி அதிர்வது விநாடிக்கு முப்பது லட்சம் கோடிக்கும் மேல். அதனோடு ஒப்பிட்டால் இந்த மேடு மந்தமான ஓர் அசைவு. பல அணுக்கள் கூடி, ஒரு பகுதி முழுதும் சேர்ந்து அசைந்தாலன்றி இத்தனை மந்தகதி கிட்டாது. பிற்காலத்தில் எண்ணற்ற கண்ணாடிகளில் இது காணப்பட்டது. வெப்பநிலையோடு இதன் பிரகாசம் மாறும் விதம், கல்கத்தாக்காரரான சத்யேந்திர நாத் போஸ் 1924-ல் வகுத்த புள்ளியியலை அப்படியே பின்பற்றுவதால், விஞ்ஞானிகள் இதைப் போஸான் முகடு என்றே அழைத்துவருகிறார்கள்.

இந்த முகட்டின் காரணம் இன்றளவும் விவாதத்துக்குரியது. ஒழுங்கின்மையால் விறைப்பு இடத்துக்கு இடம் ஏறியிறங்குவதால் அலைகள் சிதைந்து இவ்வாறு குவிகின்றன என்பார் ஒரு சாரார். ஸ்படிகத்தில் உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கும் குறுக்கலைகளே இறங்கிவந்து இப்படித் தேங்குகின்றன என்பார் மற்றொரு சாரார். தளர்ந்த சிறுசிறு தொகுதிகளின் தனி அசைவே இது என்பாரும் உண்டு. இவர்களுள் எவரும் மறுக்காதது ஒன்று: கண்ணாடியில் உஷ்ணம் பரவுவதற்கு இந்த முகடு பெருந்தடையாக இருக்கிறது. பூரண பூஜ்யத்திலிருந்து பத்து டிகிரியில் குவார்ட்ஸ் படிகம் உஷ்ணத்தைக் கடத்தும் திறன், அதே பொருளின் கண்ணாடியைக் காட்டிலும் ஆயிரக்கணக்கான மடங்கு உயர்ந்தது. அலை ஓடவேண்டிய பாதை கண்ணாடியில் அடிக்கு அடி இடறுகிறது.

ஒரே பொருள் படிகமாகவும் கண்ணாடியாகவும் இரு வாழ்வு வாழ்வதைக் காண நம்மவர் வெகுதூரம் போகவேண்டியதில்லை. மயிலத்துக்கும் அப்பால், சங்கராபரணி ஆற்றங்கரையிலுள்ள திருவக்கரையில், வக்கிரகாளியம்மன் சந்நிதிக்கு வருவோர் பலர் சற்றே நடந்து அங்குள்ள கல்மரங்களையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 1781-ல் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாரால் மேல்நாட்டு உலகுக்குத் தெரியவந்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கும் அந்த மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தால் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்தவை. நிலத்தடி நீரிலே கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நாரும் வளையமும் இருந்த இடங்களில் மெல்ல மெல்லப் புகுந்து, கல்லாகப் படிந்தது. அவசரமின்றிப் படிந்த சிலிக்கா நுண்ணிய குவார்ட்ஸ் படிகங்களாயிற்று. அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் 2.65 மடங்கு. அதே சிலிக்காவை உருக்கி ஆறவைத்தால் வருவது கண்ணாடி, அடர்த்தி 2.20 மடங்கு. இரண்டிலும் ஒரு சிலிக்கனைச் சுற்றி நான்கு ஆக்ஸிஜன். இரண்டிலும் பிணைப்பு அதே வலிமை. ஆகவே மிக வேகமான அதிர்வுகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு முழுவதும் மந்தமான அதிர்வுகளில் இருக்கிறது. திருவக்கரைக் கல்லின் ஒரு துண்டும் சிலிக்காக் கண்ணாடியின் ஒரு துண்டும் நம் கல்லூரி ஒன்றின் நிறமாலைமானியில் அடுத்தடுத்து வைக்கப்படவேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. கல்மரப் பூங்காவிலிருந்து கல்லைப் பெயர்த்துவருவது சட்டவிரோதம், மாணவர்கள் அதைச் செய்யலாகாது. உரிய துறையிடம் முறையாக அனுமதி கேட்டுப் பெறவேண்டும்.

இனி இந்த ஆராய்ச்சியின் மையமான கேள்வியைச் சொல்லுகிறேன். திரவத்துக்கு ஸ்படிகத்தைக் காட்டிலும் என்ட்ரோப்பி அதிகம். அதாவது அதன் அணுக்கள் தம்மை அமைத்துக்கொள்ளக்கூடிய வழிகள் அதிகம். 1948-ல் வால்டர் காஸ்மன், திரவத்தைக் குளிர்விக்கும்போது இந்த மிகுதி எத்தனை வேகமாகக் கரைகிறது என்பதை வரைந்து பார்த்து, கோட்டை அப்படியே நீட்டினால் ஓரிடத்தில் ஒழுங்கற்ற திரவத்தின் என்ட்ரோப்பி ஒழுங்குள்ள ஸ்படிகத்தினுடையதற்கும் கீழே போய்விடுமே என்று திகைத்தார். அந்த விபரீதம் நேருமுன்பே திரவம் கண்ணாடியாகி நின்றுவிடுகிறது. ஆனால் அந்த மிகுதி எதனால் ஆனது? இரண்டு வாயில்கள் உண்டு. அணுக்கள் வெவ்வேறு இடங்களில் அமர்வதால் வருவது ஒன்று. அமர்ந்த இடத்தில் தளர்ச்சியாக, விசாலமாக அதிர்வதால் வருவது மற்றொன்று. 1976-ல் மார்ட்டின் கோல்ட்ஸ்டீன், இரண்டாவதன் பங்கை அலட்சியம் செய்யக்கூடாது என்று வாதாடினார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இந்த வழக்கு தீராமல் இருந்தது. அமைப்பையும் அதிர்வையும் பிரித்து எடைபோடும் தராசு கைவசம் இல்லாதிருந்தது.

நியூட்ரான் அந்தத் தராசாக அமைந்தது. மின்னூட்டமில்லாத இந்தத் துகள் பொருளினுள் எளிதில் நுழைந்து, அதிரும் அணுவோடு மோதி, அதன் அதிர்வுக்கு ஏற்பச் சக்தியைப் பெற்றோ இழந்தோ வெளிவருகிறது. வெளிவந்த வேகத்தை அளந்தால் உள்ளே எந்தெந்த அதிர்வு எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியல் முழுதும் கிட்டிவிடும். கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தின் ஹிலரி ஸ்மித், பிரென்ட் ஃபுல்ட்ஸ் முதலானோர் டென்னிஸீ மாநிலத்து ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடத்தில், செம்பு-ஸிர்கோனியக் கண்ணாடியை நியூட்ரான் கற்றையின் நடுவிலேயே சூடேற்றி, அது கண்ணாடி நிலையிலிருந்து இளகிய திரவமாகி, பின்னர் ஸ்படிகமாகும் வரையில் அதிர்வுகளை இடைவிடாமல் பதிவு செய்தார்கள். 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணாடியின் அதிர்வுக்கும் ஸ்படிகத்தின் அதிர்வுக்கும் என்ட்ரோப்பி கணக்கில் வேறுபாடு மிகமிகச் சொற்பம். மிகுதியில் ஏறக்குறைய முழுவதும் அமைப்பின் பன்மையால் வந்ததே. அதாவது, அந்த உலோகத் திரவம் கண்ணாடியாகும்போது அணுக்கள் அதிர்வதை விடவில்லை, அதிரும் விதத்தைக்கூடப் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை. இடம் மாறும் உரிமையை மட்டுமே இழந்தன.

இந்த முடிவை எல்லாக் கண்ணாடிக்கும் பொதுவிதியாக்கிவிடுவதற்கு நான் உடன்படமாட்டேன். உலோகத்தின் அணுக்கள் நெருங்கி அடுக்கப்பட்ட உருண்டைகள். கிளிசரினிலும் சர்க்கரையிலும் ரப்பர் போன்ற நீண்ட சங்கிலிகளிலும் மூலக்கூறு வளையவும் முறுகவும் வல்லது. அங்கே மாற்றத்தின் எல்லையைத் தாண்டியவுடன் அணு தன் கூண்டினுள் அதிரும் வீச்சு, வெப்பநிலையோடு முன்னிலும் செங்குத்தாக ஏறத் தொடங்குவதை நியூட்ரான் அளவைகள் காட்டியிருக்கின்றன. கூண்டே தளர்கிறது என்று அதற்குப் பொருள். ஆகவே அதிர்வின் பங்கு பொருளுக்குப் பொருள் வேறுபடும் என்பதே இன்றைய சான்றுகளிலிருந்து நான் கொள்ளும் தீர்ப்பு. எந்தப் பொருளில் எவ்வளவு, ஏன் என்பது இனிமேல் செய்யவேண்டிய வேலை.

இந்த வேலையால் உலகத்துக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களும் அவையில் இருக்கலாம். அவர்களைத் தென்கிழக்கே புதுச்சேரிப் பக்கம் அழைத்துப்போகிறேன். அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேட்டை 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். அவருக்குப் பின் காஸாலும் விமலா பெக்லியும் அகழ்ந்தார்கள். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் அவ்வூரார் கண்ணாடியை உருக்கி, இளகிய நிலையில் நீண்ட குழலாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூட்டில் விளிம்பு மழுக்கிச் செய்த சிறுமணிகள் கடல் கடந்து தென்கிழக்காசியா முழுதும் போயின. இழுக்கும் அந்தக் கணத்தில் கைவினைஞர் ஆண்டது, நாம் இதுவரை பேசிய அந்த நூறு விநாடி எல்லைக்கு மேற்பட்ட ஒரு வெப்ப இடைவெளியை. வெப்பமானி இல்லாமல், உலைக்களத்து நிறத்தையும் கையில் தட்டுப்படும் இழுவையையும் கொண்டே ஆண்டார்கள். கண்ணாடி உண்மையில் மெல்ல ஒழுகும் திரவமே, பழைய தேவாலயங்களின் ஜன்னல்கள் அதனால்தான் அடியில் தடித்திருக்கின்றன என்றொரு பேச்சு பாடப்புத்தகங்கள் வரை பரவியிருக்கிறது. அது தவறு. பிரேசில் நாட்டு எட்கர் ஸனோட்டோ 1998-ல் கணக்கிட்டுக் காட்டியபடி, சாதாரண வெப்பத்தில் அந்த ஒழுக்கு கண்ணுக்குத் தெரியப் பிரபஞ்சத்தின் வயது போதாது. அரிக்கமேட்டு மணியின் துளை இன்றும் தூராமல் இருப்பதே எனக்குப் போதிய சாட்சி.

நெடுங்காலம் கிடந்த கண்ணாடிக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 2013-ல் டெக்ஸாஸில் கிரெகரி மெக்கன்னாவும் அவருடைய குழுவினரும் 2 கோடி ஆண்டு வயதான நிமிளை ஒன்றை ஆராய்ந்தார்கள். நிமிளை என்பது மரப்பிசின் முதிர்ந்து இறுகிய கண்ணாடி. திருவக்கரையின் கல்மரங்களும் ஏறக்குறைய அதே வயதினவே. அவற்றுள் குங்கிலியக் குடும்பத்தைச் சேர்ந்தவையும் உண்டு. அத்தனை காலம் தாழ்ந்த வெப்பத்தில் கிடந்த கண்ணாடி, ஆராய்ச்சிக்கூடத்தில் திரவத்தைக் குளிர்வித்து எளிதில் எட்டமுடியாத அளவுக்குத் தணிந்து அமைந்திருந்தது. குளிரக் குளிரக் கூண்டிலிருந்து வெளியேறும் காலம் ஒரு வெப்பநிலையில் முடிவிலியாகிவிடும் என்று பல கொள்கைகள் சொல்லியிருந்தன. நிமிளை அதற்குச் சாதகமாகச் சாட்சி சொல்லவில்லை. காலம் பெருகுகிறது, ஆனால் கொள்கைகள் சொன்ன வேகத்தில் அன்று.

இந்தக் கணக்கின் பிரயோஜனத்தை இன்றைக்கும் அருகிலேயே காணலாம்: மரக்காணத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கல்பாக்கம். அணு உலைகளின் கழிவிலே உள்ள கதிரியக்க அணுக்களைப் போரோசிலிகேட் கண்ணாடியில் கரைத்து உறையவைத்துச் சேமிப்பதே நம் நாடு மேற்கொண்டிருக்கும் முறை. தாராப்பூரிலும் டிராம்பேயிலும் கல்பாக்கத்திலும் அதற்குரிய ஆலைகள் உள்ளன. படிகம் தன் வரிசைக்குப் பொருந்தாத அணுவை ஒதுக்கும். கண்ணாடியோ பலவகை அணுக்களுக்கும் இடம் கொடுக்கும். அதனாலேயே அது தெரிந்தெடுக்கப்பட்டது. அந்தக் கண்ணாடி தன் சுமையை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் விடாமல் தாங்கவேண்டும். தாங்குமா என்பதற்கு விடை, உள்ளே அதிர்ந்துகொண்டிருக்கும் அணுக்கள் எத்தனை காலத்துக்கு ஒருமுறை இடம் பெயர்கின்றன, வெளியே நீர் பட்டால் அந்தக் கூண்டு எவ்வாறு தளர்கிறது என்ற கணக்கில் இருக்கிறது. நம் சந்ததியாரின் க்ஷேமம் தொடர்புடைய ஒரு கணக்கை வேற்றூர் அறிஞர் யாரோ போட்டுத் தருவார்கள் என்று காத்திருப்பது நமக்கு அழகன்று.

பேராசிரியர்களே, உங்களுக்கு நியூட்ரான் உலை வேண்டியதில்லை. சர்க்கரைப் பாகு, வெப்பமானி, நுண்தராசு, உலர்த்தும் பெட்டி இவை கொண்டே, நீரின் அளவு ஏற ஏறக் கண்ணாடி எல்லை எவ்வளவு இறங்குகிறது என்ற வரைபடத்தை இளங்கலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் வரைந்துவிட முடியும். பச்சை லேசரோடு கூடிய சிறிய ராமன் நிறமாலைமானி கிடைத்தால், ஆலைச் சர்க்கரையின் கூரிய கோடுகள் மிட்டாயில் அகன்ற பட்டைகளாவதைத் தம் கண்ணாலேயே காண்பார்கள். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் அரிக்கமேட்டு வகைச் சோடா-அலுமினாக் கண்ணாடியும் இந்த முறையில் ஆராயத் தக்கவை. வருகிற கல்வியாண்டுக்கு மாணவர் ஆய்வுத் தலைப்புகளை நீங்கள் வகுக்கும்போது இவற்றுள் ஒன்றையேனும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளின் பௌதிகத் துறையினரையும் ரசாயனத் துறையினரையும் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.